ஐந்து நிமிடத்தில் தோற்றால் என்ன குறைந்துவிடும்?

நம் சங்கத்தின் பொங்கல் விழாவை ஒட்டி நடக்கும் கல்லூரி மாணவர் சதுரங்கப் போட்டியை இனி இரண்டு பிரிவாக நடத்த வேண்டும் என்று செயற்குழுவுக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. பல்கலைக்கழக அணிக்கு ஆடுகிறவர்களும் சர்வதேச மதிப்பெண் பெற்றவர்களும் ஒரு பிரிவு. மற்ற கல்லூரிப் பிள்ளைகள் இன்னொரு பிரிவு. ஒருவரோடு ஒருவர் மோத வேண்டியதில்லை. இரண்டு பிரிவுக்கும் தனித்தனிக் கோப்பை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பெற்றோர் சிலர் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் இது தீர்மானமாக வரும் என்று அறிகிறேன். அதற்கு முன்பாக என் மாற்றுக் கருத்தை அன்பர்கள் முன் வைத்துவிடுவது முறை என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

பெற்றோரின் மனக்குறை எனக்குப் புரியாமல் இல்லை. "பையன் காலையில் இருட்டோடு ஜீப் பிடித்து, பஸ் மாறி வந்தான். சென்னைக் கல்லூரிப் பையன் எதிரில் உட்கார்ந்தான். நாலு நிமிஷத்தில் எழுந்துவிட்டான். இதற்கா அனுப்பினோம்?" என்று ஒரு தாயார் என்னிடமே கேட்டார். எஸ்டேட்டில் கொழுந்து பறித்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் தாய். அவர் வருத்தத்தைச் சிறிதாக எண்ண நான் யார்? ஆனால் அந்த வருத்தத்துக்கு அவர் கேட்கும் மருந்து, பிள்ளைக்கு நல்லதல்ல என்பதுதான் என் வாதம்.

சதுரங்கம் பழகாத அன்பர்களுக்காக ஒரு வார்த்தை. நம் போட்டியில் ஆடுவது பிளிட்ஸ் எனப்படும் மின்னல் ஆட்டம். ஒவ்வொருவருக்கும் முழு ஆட்டத்துக்கும் சேர்த்து ஐந்து நிமிடம். காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தைத் தட்ட வேண்டும். தட்டியதும் எதிராளியின் நேரம் ஓடத் தொடங்கும். சர்வதேச விதிப்படி ஒருவருக்குப் பத்து நிமிடமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அது பிளிட்ஸ். உலகப் போட்டிகளில் மூன்று நிமிடமும், நகர்த்தலுக்கு நகர்த்தல் இரண்டு விநாடி கூடுதலும் தருகிறார்கள். பழைய சாவி கொடுக்கும் கடிகாரத்தில் சிறு சிவப்புக் கொடி ஒன்று இருக்கும். நேரம் தீர்ந்தால் அது விழும். இன்று எண் கடிகாரம் வந்துவிட்டாலும் "கொடி விழுந்தது" என்றுதான் இன்னமும் சொல்கிறார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். ரயில்வேயில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன், கணக்கில்லாமல் பேசினால் பழைய நண்பர்கள் சிரிப்பார்கள். ஆட்டக்காரர்களின் பலத்தை எண்ணாகச் சொல்லும் முறையை வகுத்தவர் அர்பாட் ஈலோ. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். 1970இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவர் முறையை ஏற்றுக்கொண்டது. அந்தக் கணக்குப்படி, இருவருக்கும் 200 புள்ளி வித்தியாசம் இருந்தால் பலம் குறைந்தவர் நூறு ஆட்டத்தில் சுமார் 24 புள்ளி எடுக்க வேண்டும். 400 புள்ளி வித்தியாசம் என்றால் சுமார் 9 புள்ளி. வெற்றிக்கு ஒன்று, சமனுக்கு அரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், பலம் குறைந்தவருக்கும் அந்தக் கணக்கு ஒரு பங்கை ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பங்கு ஒரே ஒரு ஆட்டம் ஆடினால் கைக்கு வராது. நான்கு மணி நேரம் நடக்கும் பெரிய ஆட்டத்தில் ஒரு பையன் தன்னைவிட 200 புள்ளி மேலுள்ளவரோடு வருடத்துக்கு மூன்று முறை மோதினால், மூன்றிலும் தோற்று, "நமக்கு இவர்கள் எட்டாதவர்கள்" என்று முடிவு கட்டிவிடுவான். அதே பையன் அவரோடு ஐந்து நிமிட ஆட்டம் ஆடினால் ஓர் ஆட்டம் பத்து நிமிடத்துக்குள் முடியும். இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு ஆட்டம். கணக்குப்படி அவன் பங்குக்கு ஏறக்குறைய மூன்று புள்ளி வர வேண்டும். ஒன்பது தோல்வியோடு மூன்று வெற்றியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவனும், மூன்று தோல்வியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவனும் ஒன்றல்ல. ஆகவே தாயார் கேட்ட கேள்விக்கு என் பதில்: நாலு நிமிடத்தில் எழுந்தது தப்பில்லை. எழுந்தவனை மறுபடி உட்கார வைக்காததுதான் தப்பு. நம் போட்டி முறை ஒரு தோல்வியோடு ஆளை வெளியே அனுப்புகிறது. மாற்ற வேண்டியது அதைத்தான்.

இப்படி மறுபடி மறுபடி உட்கார வைத்த ஓர் இடம் நம் சென்னையிலேயே இருந்தது. கஸ்தூரி ரங்கா சாலையில் சோவியத் கலாசார மையத்தில் இயங்கிய டால் சதுரங்கக் கழகம். 1970களில் மானுவல் ஆரோன் அவர்கள் முன்னின்று தொடங்கியது. நம் நாட்டின் முதல் சர்வதேச மாஸ்டர் அவர். 1961இல் அந்தப் பட்டம் பெற்றவர். அங்கே மாலை வேளையில் பிளிட்ஸ் நடக்கும். முறை மிக எளிது. ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். வயது பார்ப்பதில்லை, பட்டம் பார்ப்பதில்லை. பள்ளிச் சிறுவனும் வருவான், கல்லூரி மாணவனும் வருவான், வேலை முடிந்து வருகிற அதிகாரியும் வருவார்.

அந்த வரிசையில் நின்ற சிறுவர்களில் ஒருவர்தான் விஸ்வநாதன் ஆனந்த். எழுந்தால் மறுபடி முறை வர நெடுநேரம் ஆகும் என்பதால் எழாமல் இருக்கப் பார்த்ததும், அந்த பிளிட்ஸ் பழக்கமும்தான் தமக்கு வேகத்தைத் தந்தன என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1983இல் தேசிய சப்-ஜூனியர் போட்டியில் ஒன்பதுக்கு ஒன்பது எடுத்தார். 1987இல் உலக ஜூனியர் சாம்பியன். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். இதே காலத்தில் லயோலா கல்லூரியில் வணிகவியல் படித்த மாணவரும் அவர்தான் என்பதை நம் கல்லூரிப் பிள்ளைகள் நினைவில் வைக்க வேண்டும். பெரிய ஆட்டத்திலும் எதிராளி மணிக்கணக்கில் யோசிக்கையில் இவர் சில நிமிடங்களில் ஆடிவிட்டு எழுந்து உலாவுவாராம். பல வருடம் கழித்து, 2017இல், நாற்பத்தெட்டு வயதில் ரியாத்தில் உலக ரேபிட் பட்டத்தை வென்று, அடுத்து பிளிட்ஸில் வெண்கலமும் எடுத்தார். அந்த வயதில் அந்தக் கை வேகம் எங்கிருந்து வந்தது? வரிசையில் நின்று வந்தது என்பது என் எண்ணம்.

ரயில்வேக்காரன் என்பதால் இதையும் சொல்லாமல் விட மனமில்லை. ஆனந்த் அவர்களின் தகப்பனார் தென்னக ரயில்வேயில் பொது மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் இருந்த இடம் ஏணியின் கீழ்ப்படி. அவர் இருந்தது உச்சிப்படி. ஆனாலும் எங்கள் பிரிவு அலுவலகத்தில் ஆனந்த் ஜெயித்த செய்தி வந்தால் எங்கள் வீட்டுப் பிள்ளை ஜெயித்தது மாதிரி டீ வாங்கிக் கொடுப்போம். தகப்பனாருக்கு மணிலாவில் வேலை அமைந்தபோது குடும்பமே அங்கே போயிற்று. பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் தொலைக்காட்சியில் வரும் சதுரங்கப் புதிர்களைத் தாயார் குறித்து வைப்பாராம். மாலையில் இருவரும் சேர்ந்து விடை எழுதி அனுப்புவார்கள். பரிசாகப் புத்தகம் வரும். கடைசியில் நிகழ்ச்சிக்காரர்களே, "வேண்டிய புத்தகத்தை எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள், இனி விடை அனுப்பாதீர்கள்" என்று சொல்லிவிட்டார்களாம். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போன தமிழ்க் குடும்பம் ஒன்று அந்த ஊரில் கிடைத்ததை விடாமல் பிடித்துக்கொண்ட கதை இது. நம்மைப் போன்றவர்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள நிறைய உண்டு.

மானுவல் ஆரோன் அவர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் பர்மாவில் பிறந்தவர். தமிழ்நாட்டில் வளர்ந்து, அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1962இல் ஸ்டாக்ஹோமில் நடந்த இன்டர்ஸோனல் போட்டிக்குப் போனார். பாபி ஃபிஷர் முதலிடம் பெற்ற போட்டி அது. நம்மவர் கடைசி இடம். பட்டியலை மட்டும் பார்க்கிறவர், "இவரை ஏன் அனுப்பினார்கள்?" என்று கேட்பார். ஆனால் கடைசி இடத்தில் வந்த அந்த மனிதர், அதே போட்டியில் ஹங்கேரியின் போர்ட்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் உல்மனையும் தோற்கடித்தார். இருவரும் உலகம் அறிந்த கிராண்ட்மாஸ்டர்கள். "பலவீனமானவர்களுக்குத் தனிப் பிரிவு" என்று அன்று ஸ்டாக்ஹோமில் யாராவது ஏற்பாடு செய்திருந்தால் அந்த இரண்டு வெற்றிகளும் நடந்திருக்காது. ஊர் திரும்பிய பிறகு டால் கழகத்தில் சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் ஒரே வரிசை இருந்ததில் இந்த அனுபவத்துக்கும் பங்கு இருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். இது என் ஊகமே, அவர் சொன்னதல்ல.

சென்ற பொங்கல் போட்டியில் நான் நேரக் கண்காணிப்பாளராக இருந்த மேசையில் நடந்தது ஒன்று இந்தப் பேச்சுக்கே மூலகாரணம். அன்று வெள்ளைக் காய் எடுத்தவர் சென்னையில் இன்ஜினியரிங் படிப்பவர், தம் பல்கலைக்கழக அணியில் ஆடுகிறவர். விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்கு வந்திருந்தார். கறுப்பு, லயத்து வீட்டுப் பையன். போடியில் கல்லூரிப் படிப்பு. மதிப்பெண் ஏதும் கிடையாது. முதல் இரண்டு நிமிடத்திலேயே பையன் ஒரு குதிரையை இழந்தான். அதன் பிறகும் நன்றாகத் தாக்குப் பிடித்தான். எதிராளி ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றை யோசிக்க வேண்டிய மாதிரியே ஆடினான். கடைசியில் வெள்ளைக்கு ஒரு யானை; கறுப்புக்கு ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும். யார் பார்த்தாலும் வெள்ளைக்கு ஜெயம். ஆனால் வெள்ளையின் கடிகாரத்தில் ஆறு விநாடி. பையனிடம் நாற்பது விநாடி. யானை சிப்பாயைப் பிடிக்க ஓடியது, ராஜா குறுக்கே நின்றது, கொடி விழுந்தது.

கூட்டத்தில் ஒரே கூச்சல். "ஒரு யானை கூட இருக்கிறவன் தோற்பானா?" என்றார் ஒருவர். விதி தெளிவாக இருக்கிறது. நேரம் தீர்ந்தவர் தோற்றவர். எதிராளியால் எந்த வழியிலும் ராஜாவை மடக்கவே முடியாது என்கிற நிலை இருந்தால் மட்டும் சமன். ஒரு சிப்பாய் இருக்கிறது. அது கடைசிக் கட்டம் சேர்ந்தால் ராணி ஆகும். ஆகவே மடக்க வழி உண்டு. கறுப்புக்குத்தான் வெற்றி என்று அறிவித்தேன். சென்னைப் பிள்ளை கண்ணியமாகக் கை கொடுத்தார். என்னை உறுத்தியது நம் பையன் செய்தது. தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சிருங்கண்ணே, டயத்துலதான் ஜெயிச்சேன்" என்றான். அவனுடைய சித்தப்பா ஒருவர் பின்னாலிருந்து, "ரொம்ப ஆடாதடா, அது அதிர்ஷ்டம்" என்றார். ஜெயித்தவன் மன்னிப்புக் கேட்டான். அவன் வீட்டார் அதை ஆமோதித்தார்கள்! அடுத்த சுற்றில் அவன் வேறொரு அணி ஆட்டக்காரரிடம் சீக்கிரமே தோற்றுவிட்டு எழுந்தான். முகத்தில் ஒரு நிம்மதி. உலகம் மறுபடி ஒழுங்காகிவிட்டது என்கிற நிம்மதி. இரண்டு பிரிவு கேட்டு வந்த மனு, அந்த நிம்மதியைத்தான் சட்டமாக்கச் சொல்கிறது. இதற்கு நான் எப்படிக் கை தூக்குவேன்?

நேரத்தில் ஜெயித்தது ஜெயமா என்ற கேள்வியைச் சற்று நின்று பார்க்கலாம். கடிகாரம் பலகைக்கு வெளியே இருக்கும் சாமான் அல்ல. பிளிட்ஸில் அதுவும் ஒரு காய். தொடக்கத்தில் இருவருக்கும் சமமாகக் கொடுத்த காய். ஒருவர் தம் நேரத்தைச் செலவழித்து ஒரு குதிரையை வாங்கினார். இன்னொருவர் குதிரையைக் கொடுத்து நேரத்தைச் சேர்த்து வைத்தார். இறுதியில் எது வேண்டியிருந்ததோ அது இரண்டாமவரிடம் இருந்தது. இதில் அதிர்ஷ்டம் எங்கே வந்தது? ஆனந்தைப் பார்த்து, "நீங்கள் வேகமாக ஆடித்தானே ஜெயித்தீர்கள்" என்று யாரும் குறை சொன்னதில்லை.

அந்த வேகம் அவசரத்தால் வருவதுமல்ல. எங்கள் இலாகாவில் ஒரு வழக்கம் உண்டு. புதிய பாதையில் ஒரு டிரைவர் தனியாக வண்டி எடுப்பதற்கு முன், பழைய டிரைவரோடு இஞ்சினில் நின்று அந்தப் பாதையைப் பழக வேண்டும். 'ரோடு லேர்னிங்' என்று பெயர். எந்த வளைவுக்குப் பின்னால் சிக்னல் இருக்கிறது, எங்கே ஏற்றம், எங்கே வேகக் கட்டுப்பாடு என்று பகலிலும் இரவிலும் பார்த்துப் பழகி, பழகிவிட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். பிறகுதான் வண்டி. மழையில், இருட்டில், மஞ்சள் விளக்கைப் பார்த்ததும் அவர் கை தானே பிரேக்குக்குப் போகிறது. அந்த விநாடியில் அவர் யோசிப்பதில்லை. யோசித்தது எல்லாம் முன்பே முடிந்துவிட்டது. மின்னல் ஆட்டமும் அதேதான். ஐந்து நிமிடத்தில் யாரும் புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. முன்பு பழகியதைத்தான் ஆடுகிறார்கள். எங்கே பழகவில்லையோ அங்கே தடம் புரளுகிறார்கள். அந்த இடம் எது என்று காட்டிக் கொடுப்பதற்குப் பலசாலியான எதிராளியைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. தன்னைப் போன்ற பலம் உள்ளவரோடு ஆடினால், இருவருக்கும் தெரியாத வளைவு இருவருக்கும் தெரியாமலே போகும்.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பிளிட்ஸ் ஆடினால் நிதானம் கெடும், மேலோட்டமாக ஆடும் புத்தி வரும் என்று பெரிய ஆட்டக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். உலக சாம்பியனாக இருந்த போட்வினிக்குக்கு அது அறவே பிடிக்காது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை, 1929இல் ஒரு ரயில் பயணத்தில் மட்டும் ஆடினேன் என்று அவர் சொன்னதாகச் சதுரங்க வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. (ரயிலில் ஆடியதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன்.) 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆன நம் குகேஷையே எடுத்துக்கொள்ளுங்கள், பெரிய ஆட்டத்தில்தான் அவர் சிகரம் தொட்டார். பிளிட்ஸ் பட்டியலில் அவருக்கு மேலே நிற்பவர்கள் பலர். ஆகவே மின்னல் ஆட்டம் மட்டும் ஆடினால் போதும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் புத்தகம் வைத்து, பலகை வைத்து, ஆடிய ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கத்தான் வேண்டும். கைப்பேசியில் நள்ளிரவு வரை ஒரு நிமிட ஆட்டம் ஆடிக்கொண்டிருப்பதை நான் பயிற்சி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அதில் எதிராளிக்கு முகம் கிடையாது. தோற்றால் கையும் கொடுக்க வேண்டாம். அடுத்த நொடி இன்னொருவர் வந்துவிடுவார். ஒருவர் கண்ணைப் பார்த்துத் தோற்பதும், பார்த்து ஜெயிப்பதும் வேறு. நம் பிள்ளைகளுக்கு வேண்டியிருப்பது அந்த இரண்டாவதுதான்.

நான் குடியிருக்கும் சூரியநெல்லியின் நிலைமையை வெளியூர் அன்பர்களுக்குச் சொல்ல வேண்டும். சுற்றிலும் தேயிலைத் தோட்டம். கிழக்கே கொழுக்குமலை ஏறினால் தேனி மாவட்டம். தெற்கே பூப்பாறை வழியாகப் போடிமெட்டு இறங்கினால் போடி. கேரள மண்ணில் இருந்தாலும் லயங்களில் பேச்சு தமிழ்தான். பிள்ளைகள் சிலர் மூணாறு அரசுக் கல்லூரிக்குப் போகிறார்கள். அது கோட்டயத்து மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. வேறு சிலர் போடிக்கு இறங்குகிறார்கள். அது மதுரை காமராசர் பல்கலைக்கழகம். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு மாநிலத்து இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள்! எந்தப் பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போனாலும் எதிரில் இருப்பவர்கள் நகரத்தில் பயிற்சியாளர் வைத்துப் பழகியவர்கள். அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகும் வழி அந்தத் தேர்வைத் தாண்டித்தான். அங்கே இரண்டாம் பிரிவு என்று ஒன்று கிடையாது. நாம் இங்கே நிழலில் வைத்து வளர்த்துவிட்டு அங்கே வெயிலில் நிறுத்தினால் வாடாமல் என்ன செய்யும்?

மதிப்பெண் விஷயத்திலும் ஒரு தெளிவு வேண்டும். சர்வதேச மதிப்பெண் இல்லாதவன் பலவீனமானவன் என்று அர்த்தமில்லை. மதிப்பெண் பெற, அதற்கென்று அங்கீகரித்த போட்டிகளில் ஆட வேண்டும். அதற்கு நுழைவுக் கட்டணம், பயணம், தங்குமிடம். தோட்டக் கூலியில் அது சாதாரணமா? 2024 மார்ச் முதல் 1400க்குக் குறைந்த மதிப்பெண்ணே பட்டியலில் கிடையாது என்றும் ஆகிவிட்டது. ஆகவே மதிப்பெண் இல்லாதவர்களில் நேற்றுப் பழகியவனும் இருப்பான். நான்கு வருடமாகக் கைப்பேசியில் ஊறியவனும் இருப்பான். இவர்களை எல்லாம் ஒரே கட்டாகக் கட்டி, "இரண்டாம் பிரிவு" என்று சீட்டு ஒட்டுவது கணக்குக்கே பொருந்தாது. போக்குவரத்து மட்டும் முன்னைவிட மேல். 2010 கடைசியில் மூடிய போடி மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதையாகி, 2023 ஜூனில் போடி வரை வண்டி வந்துவிட்டது. மலையிறங்கினால் சென்னைக்கு நேரடி ரயில். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் வீட்டில் பாயசம். (1924 வெள்ளம் கொண்டுபோன மூணாறு சிறு ரயில் பாதையைத்தான் யாரும் திரும்பப் போடவில்லை, அது வேறு கதை.)

இங்கே மாலை ஐந்தரைக்கு மேல் பிள்ளைகளை வெளியே விடத் தயங்குவோம். 2023 ஏப்ரலில் அரிக்கொம்பனைச் சின்னக்கானலிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவன் போனாலும் மற்ற யானைகள் இருக்கின்றன. ஆனையிறங்கல் என்று ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. ஆக, நான்கு மணி நேர ஆட்டம் வைத்து இருட்டிய பிறகு பிள்ளைகளை அனுப்ப முடியாது. ஐந்து நிமிட ஆட்டம் எங்கள் ஊருக்கென்றே ஏற்பட்டது போல் இருக்கிறது. ஞாயிறு இரண்டு மணிக்குத் தொடங்கினால் நாலரைக்குள் ஒவ்வொருவரும் பத்து ஆட்டமாவது ஆடிவிட்டு வெளிச்சத்தில் வீடு சேரலாம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் திருச்சூர் மாவட்டத்தின் மரோட்டிச்சாலைப் பார்த்துவிட்டு வரட்டும். சாராயமும் சூதாட்டமும் பிடித்திருந்த மலையோரக் கிராமம். உன்னிகிருஷ்ணன் என்ற டீக்கடைக்காரர், கடைக்கு வருகிறவர்களுக்குச் சதுரங்கம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கி, இன்று ஊரே ஆடுகிறது. அவர் வருகிறவர்களைப் பிரிவு பிரித்து உட்கார வைக்கவில்லை. அதே திருச்சூரைச் சேர்ந்த நிகால் சரின், மின்னல் ஆட்டத்தில் உலகமே பேசும் பெயர். 2022இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் முதல் பலகையில் குகேஷும் இரண்டாம் பலகையில் நிகாலும் தனிநபர் தங்கம் எடுத்தபோது, அந்த இந்திய இரண்டாம் அணியில் தமிழும் மலையாளமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. எங்கள் லயத்து வாசலில் தினமும் நடப்பதுதான்.

செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இதுவே. பிரிவு வேண்டாம். ஒரு தோல்வியில் வெளியேறும் முறையும் வேண்டாம். எல்லோரும் எல்லாச் சுற்றும் ஆடட்டும். சமபலம் இல்லாத ஜோடி அமைந்து, பலம் குறைந்தவர் விரும்பிக் கேட்டால், ராணியையோ யானையையோ எடுத்துவிட்டு ஆட வைக்காதீர்கள். அது வேறு ஆட்டம் ஆகிவிடும். நேரத்தில் சலுகை கொடுங்கள். பலசாலிக்கு மூன்று நிமிடம், மற்றவருக்கு ஏழு. பலகை மாறாது, இருவரும் அதே முப்பத்திரண்டு காய்களோடு உட்காருவார்கள். ஆனால் முதல் ஆட்டம் சமநேரத்தில்தான் இருக்க வேண்டும். கேட்காதவருக்குச் சலுகையைத் திணிக்கவும் கூடாது. நம் பிள்ளைகளில் பலர் கேட்க மாட்டார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

அணி ஆட்டக்காரர்களின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "மதிப்பெண் இல்லாதவனிடம் தோற்றால் எங்கள் பிள்ளைக்கு அவமானம்" என்று சிலர் நினைப்பதாகக் கேள்விப்பட்டேன். சங்கப் போட்டியில் தோற்றால் யாருடைய மதிப்பெண்ணும் குறையாது. அந்தச் சென்னைப் பிள்ளை ஊருக்குக் கிளம்பும் முன் என் வீட்டுக்கு வந்து, "சார், அந்தத் தம்பி நம்பர் இருந்தா குடுங்க, அவன் விளையாடுற விதம் புதுசா இருக்கு" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். தோற்றவருக்கு இருந்த தெளிவு ஜெயித்தவன் வீட்டாருக்கு வரவில்லை. அந்தப் பையனின் சித்தப்பாவுக்கு இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டும்படி அவன் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். அவளும் ஆடுகிறாள், அண்ணனைவிட வேகம். பெண் பிள்ளைகளுக்குத் தனி மேசை போடலாம் என்று அடுத்த மனு வருவதற்குள் அவளையும் அதே வரிசையில் நிறுத்திவிட வேண்டும்.

தீர்மானம் எப்படிப் போனாலும், தை மாதம் முதல் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு மணிக்கு ஆட்டம் உண்டு. ஜெயித்தவர் உட்காருவார், தோற்றவர் வரிசைக்குப் போவார். பலகை நான்கு இருக்கிறது. கடிகாரம் இரண்டுதான், ஒன்று சாவி கொடுக்கிறது, அதில் கொடி சற்று முன்னதாக விழும், இருவருக்கும் ஒரே அளவில். உபயோகமில்லாமல் கடிகாரம் வைத்திருக்கும் அன்பர்கள் போடியிலிருந்து வரும் பால் ஜீப்பில் கொடுத்தனுப்பினால் என் கைக்கு வந்து சேரும்.